இருபதாவது பின்

முதல் பன்னிரண்டு பின்கள் புதிதாக வாங்கிய கனெக்டரின் ஓட்டைகளுக்கு நேராக நின்றன. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போயிற்று. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினேன். கடைசிப் பின், இருபதாவது, மடங்கிப் படுத்துவிட்டது.

என் பொருளாக இருந்தால் பரவாயில்லை. அது சம்பந்தியுடைய கம்ப்யூட்டர். ரூபஸ் ஆவடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் வாங்கியதை இன்னும் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். கீபோர்டும் மேல்மூடியும் ஒன்றாக இருக்கிற மாடல். ஈஸ்டர் விருந்தில், அது ஓடவில்லை என்று அவர் வருத்தப்பட்டபோது, பத்துப் பேர் முன்னால் "என்கிட்ட குடுங்க, ஓட வெச்சுத் தர்றேன்" என்றேன். பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் அளவு சரிபார்க்கிற இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல் தவறியதில்லை. நாளை ஞாயிறு, அவர் சாப்பாட்டுக்கு வருகிறார்.

மூடியிலிருந்து உள்ளே போகிற கேபிள் நாலு விரல் நீளம்தான். அதைக் கழற்றாமல் உள்ளே கை போகாது. கழற்றிவிட்டால், மெஷினை ஓடவிட்டுக் கோளாறைத் தேட முடியாது. நடுவில் செருக ஓர் அடி நீளத்துக்கு இன்னொரு கேபிள் வேண்டும். அதற்கு எந்தக் கனெக்டர் என்று தெரிய வேண்டும். அதன் மேல் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை. ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை வெர்னியரால் அளந்தேன். இரண்டு புள்ளி ஐந்து நாலு மில்லிமீட்டர் காட்டியது. பின் லேசாக வளைந்திருக்கும் என்று அந்த நாலைத் தள்ளிவிட்டு, இரண்டரை என்று எழுதி, அந்த அளவிலேயே வாங்கினேன்.

மருமகள் ரெனிதா திருமழிசையில் வண்டிகளுக்கு ஒயரிங் கட்டுகிற யூனிட்டில் சூப்பர்வைசர். "அவளக் கேளுங்களேன்" என்று என் மனைவி ஞானகுமாரி ஒரு வாரமாகச் சொன்னாள். ரூபஸின் மகளிடமா? மாமனாருக்கு அளக்கத் தெரியவில்லை என்று ஆவடிக்கு ஒரு வார்த்தை போனால் போதாதா? ஷிப்ட் முடிந்து அவளுடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் எல்லாவற்றின் மேலும் செய்தித்தாளைப் போட்டேன்.

"பேப்பரு படிக்கிறதுக்கா, மூடுறதுக்கா மாமா?"

விலக்கிப் பார்த்தாள். மடங்கிய பின்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ரெண்டு பின்னுக்கு நடுவுல ஒரு கேப்ப மட்டும் அளந்தீங்களா?"

"ஆமா."

"எங்க லைன்ல புதுசா சேர்ற பொண்ணுங்க இதத்தான் பண்ணும்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. ஞானகுமாரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரெனிதா, மடங்கிய பின்னை இடுக்கியால் பொறுமையாக நிமிர்த்தினாள். முதல் பின்னிலிருந்து கடைசி வரை அளந்தாள். நாற்பத்தெட்டு புள்ளி இரண்டு ஆறு. இருபது பின்களுக்கு நடுவே இடைவெளி பத்தொன்பது; அதால் வகுத்தாள், அதே இரண்டு புள்ளி ஐந்து நாலு வந்தது. "இது இஞ்சு கணக்குல செஞ்சது மாமா. ஒரு இஞ்சுல பத்துல ஒரு பங்கு. நீங்க தள்ளுன நாலுதான் கடைசில முக்கால் மில்லிமீட்டரா வந்து நிக்குது."

மற்றவர்கள் தள்ளிய நாலைப் பிடித்துப் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பியவன் நான்.

கடைக்குப் போய், ஆறு மணிக்குச் சரியான கனெக்டரோடு வந்தாள். நான் ஒயர்களை ஈயத்தால் பற்ற வைத்தேன், அவள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். கேபிளைச் செருகிய பத்தாவது நிமிஷம், போர்டில் விட்டுப்போயிருந்த ஒரு சால்டர் பற்றை நான் பிடித்துவிட்டேன். அதைத் திரும்பப் பற்ற வைத்ததும் மெஷின் ஓடியது.

"அப்பாகிட்ட எல்லாம் நீங்கதான் பண்ணீங்கன்னு சொல்றேன்" என்றாள்.

மறுநாள் ஆராதனை முடிந்து ரூபஸ் வந்தார். மெஷினோடு இணைத்திருந்த பழைய டிவியில் பச்சை எழுத்துகளைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சம்பந்தி, கெலிச்சிட்டீங்களே. பாடி ஃபேக்டரிக் கைன்னா சும்மாவா?"

ரெனிதா குழம்பைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"சால்டர்தான் நான் புடிச்சது. கனெக்டர நான் தப்பா அளந்துட்டேன் சம்பந்தி. உங்க பின்னையும் மடக்கிட்டேன். நிமித்துனது, அளந்தது எல்லாம் ரெனிதா."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எங்க ஊட்டுப் பொண்ணுன்னா பின்ன எப்படி?"

"எங்க வீட்டுக்கு வந்து நாலு வருஷமாச்சு. எங்க வீட்டுப் பொண்ணு."

"இந்தக் கம்ப்யூட்டராவது என்துதானே?"

ஞானகுமாரி சிரித்துவிட்டாள்.

இலை போட்டாகிவிட்டது என்று இரண்டு முறை கூப்பிட்டார்கள். ரூபஸ் எழவில்லை. கீபோர்டு மூடியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை டிவியில் வைத்து, பத்து விரலாலும் அடித்துக்கொண்டிருந்தார். மடிக்கும் மேஜையில் இருந்த மெஷினுக்கும் நடுவில், இன்னும் கழற்றாத எங்கள் கேபிள் ஓர் அடி நீளத்துக்குத் தொங்கியது. அவர் அடிக்க அடிக்க அது லேசாக ஆடியது.