நருமி எழுதிய விலகல் அறிவிப்பு

பதினோரு வருடமாக 'ஈரக் குடை' ராக் குழுவின் ரசிகர் மடல்களைக் கைப்பட எழுதியவன் நருமி யோசுகேதான். பாஸ் கிட்டார் வாசிப்பவன் தலையில் அந்த வேலையையும் கட்டினார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருந்ததுதான் அவன் செய்த குற்றம். கடைசியில் அவனை வெளியேற்றும் அறிவிப்பையும் அவனையே எழுதச் சொன்னார்கள். இந்தக் கூத்து நடந்தது டோக்கியோவில்.

பெரிய ரெக்கார்டு கம்பெனி ஒன்று ஒரே நிபந்தனையோடு குழுவை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. அதை ஷிமோகிட்டசாவா பகுதியில் ஒரு காபிக் கடையில் வைத்துச் சொன்னவன் பாடகன் ஹிரமோரி, நருமியோடு ஒரே பள்ளியில் படித்தவன்.

"உன் வாசிப்புல ஒரு குறையும் சொல்லலடா. போட்டோலதான்... முன்னாடி முடி வேற கொட்டிப்போச்சு."

"தொப்பி போட்டுக்கறேன்."

"விளையாடாத. வேற ஆளப் பார்த்து வெச்சிட்டாங்க."

"அப்ப மண்டை வழுக்கை, அதனால போறேன்னு எழுதிடவா?"

"எல்லாரும் போடறதையே போடு. 'இசையில் எங்கள் பாதைகள் வேறு.' ஊர்ல உங்க அம்மாகிட்டயும் அதையே சொல்லு. எங்க அம்மாவும் அதே தெருதான், விஷயம் வெளிய வந்தா எங்க பேரு நாறிடும்."

தகராறு செய்தால் மற்ற மூவர் பிழைப்பும் கெடும். அடங்கிப் போனால் நல்லவன் என்ற பெயராவது மிஞ்சும் என்று நம்பி எழுதினான். 'கண்ணீருடன்' என்ற சொல்லை மட்டும் ஹிரமோரி அடித்துவிட்டான்.

சொந்த இசையைத் தேடிப் போகும் துணிச்சலைச் சில ரசிகர்கள் பாராட்டினார்கள். துரோகி என்றும் சிலர் எழுதினார்கள். அதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். பிறகு சொந்த ஊரான ஹிரோசாகியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"நல்ல காலம் வர்ற நேரத்துல கூட்டாளிங்கள விட்டுட்டு ஓடுவியாடா? தெருவுல தலை காட்ட முடியல."

"அம்மா, அது வந்து..."

"பேசாத! நீச்சல், கராத்தே, எல்லாத்தையும் பாதியில விட்டவன்தானே நீ. ஹிரமோரிக்கு ஒரு பெட்டி ஆப்பிள் அனுப்பி, எம் புள்ளைய மன்னிச்சுக்கப்பான்னு எழுதியிருக்கேன்."

ஆனாலும் நருமிக்கு ஓர் ஆசை. அம்மா கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவன் ஹிரமோரி. அந்தப் பெட்டியைப் பார்த்தபின் அவளிடமாவது உண்மையைச் சொல்லாமல் இருப்பானா? ஒரு வாரம் அந்த நினைப்பிலேயே ஓடியது.

அடுத்த முறை பேசியபோது அம்மாவின் கோபம் ஆறியிருந்தது.

"ஹிரமோரி பதில் போட்டிருக்கான். என்ன பெரிய மனசுடா அவனுக்கு! 'யோசுகே மேல எங்களுக்குக் கோபமே இல்ல, நீங்க வருத்தப்படாதீங்க, ஆப்பிள் ரொம்ப இனிப்பா இருந்துச்சு'ன்னு எழுதியிருக்கான். அழுகையே வந்துடுச்சு எனக்கு. ஒரு போன் பண்ணி நன்றி சொல்லுடா, பாவி."

"சரிம்மா."

அன்று மத்தியானமே ஹிரமோரியைக் கூப்பிட்டு நன்றி சொன்னான்.

"சேச்சே, நமக்குள்ள என்னடா இதெல்லாம்," என்றான் ஹிரமோரி.