வடிகால் தண்ணீர்

பெர்தெபாயை ஊரில் எல்லோரும் மதகுக்காரர் என்றுதான் சொல்வார்கள். முப்பத்தெட்டு வருடம் பருத்திக் காடுகளுக்குக் கால்வாய் மதகைத் திறந்து மூடியவர். ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, நாலு மாடிக் குடியிருப்பின் கீழ்வீட்டில் தனியாக இருந்தார். அவர் கதவைத் தட்ட ஆள் கிடையாது. அங்கே யார் கதவையும் யாரும் தட்டுவதில்லை. பாதி வீட்டு ஆண்கள் கஜகஸ்தானில் கட்டட வேலையில் இருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள், வற்றிப்போன கடல் பக்கமிருந்து உப்புப் புழுதி வீசும்போதெல்லாம் சன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே கிடந்தார்கள்.

தோட்டம் போடும் யோசனை, அதே குடியிருப்பில் இருந்த செவிலி பீபிஜமாலுடையது. அவள் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்காத பெண் அங்கே இல்லை. ரொட்டியும் டீயும் மட்டுமே சாப்பிட்டால் ரத்தம் எங்கிருந்து ஊறும் என்று வீடு வீடாகக் கேட்டாள். குடியிருப்புக்குப் பின்னால் உப்பு வெள்ளை பூத்துக் கிடந்த பொட்டலைக் காட்டி, இதை மண்ணாக்கித் தர முடியுமா என்று பெர்தெபாயிடம் வந்து நின்றாள்.

அவருக்குத் தெரியும். பிப்ரவரியில் வரப்பை உயர்த்தி, கால்வாய்த் தண்ணீரைத் தேக்கி, மூன்று முறை கழுவினால் உப்பு கீழே இறங்கி வடிகாலுக்குப் போய்விடும். பதினொரு குடும்பங்கள் மண்வெட்டியோடு வந்தன. மேல்வீட்டுப் பள்ளிச் சமையல்காரி கல்பிகேயும் வந்தாள். அவள் வீட்டுக் குழாய் ஒழுகி இவர் அடுக்களைக் கூரை ஊறிப்போனதிலிருந்து ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அவர் மண்வெட்டி பிடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மதகைத் திருகித் திருகியே கை மரத்துப் போச்சா அண்ணே? வரப்பு பாம்பு மாதிரி நெளியுது."

எல்லோரும் சிரித்தார்கள். பெர்தெபாய் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபின் அவரும் சிரித்தார்.

முதல் வருடம் பூசணி மட்டும் தேறியது. இரண்டாம் வருடம் கேரட், தக்காளி, அவரை, கீரை, வேலியோரம் முலாம்பழம். சாயங்காலமானால் பாத்தியோரம் கம்பளி விரித்து டீ. பெர்தெபாய் ஒருநாள் வரவில்லையென்றால் கல்பிகே மேலிருந்து தரையைத் தட்டிக் கூப்பிடுவாள். அவருடைய ரத்த அழுத்தம் இறங்கி மாத்திரை பாதியானது. கல்பிகேயின் மருமகள் அய்சானெமுக்கு ஹீமோகுளோபின் லிட்டருக்கு எண்பத்திரண்டு கிராமிலிருந்து நூற்றெட்டுக்கு ஏறியது. இனிமேல் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்றாள் பீபிஜமால். அடுத்த வசந்தத்தில், கஜகஸ்தானில் வேலையிலிருந்த கணவன் ஊருக்கு வந்து போனதும், அய்சானெம் கர்ப்பமானாள்.

அந்த வருடம்தான் கால்வாய்க்குத் தண்ணீர் தரும் ஆறு வஞ்சித்தது. ஜூனில் கால்வாய் முழங்காலளவுக்கு இறங்கி, பிறகு சேறாகி, பிறகு வெடித்தது. பெர்தெபாய் மூன்று முறை பழைய அலுவலகத்துக்குப் போய் வந்தார். அங்கிருந்த இளம் அதிகாரி நாற்காலி போட்டு, டீ கொடுத்து, பருத்திக்கே தண்ணீர் இல்லை என்று கையை விரித்தான்.

தக்காளிச் செடிகள் துவண்டு தலையைத் தொங்கப் போட்டன. வடிகாலில் மட்டும் தண்ணீர் கிடந்தது. எல்லோரும் கூடியிருந்தபோது பெர்தெபாய்தான் சொன்னார்: "மோட்டார் வச்சு ரெண்டே ரெண்டு தண்ணி விடுவோம். அதுக்குள்ள கால்வாயில தண்ணி வந்துரும்."

"நாம கழுவி விட்ட உப்பு அதுலதானே இருக்கு அண்ணே?" என்றாள் பீபிஜமால்.

அவர் பதில் சொல்வதற்குள் கல்பிகே குறுக்கே விழுந்தாள். "தண்ணியப் பத்தி அவரவிட உனக்குத் தெரியுமா? அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பதினொரு குடும்பமும் அவரைப் பார்த்தது. வடிகால் தண்ணீரைத் தனியாக வயலுக்கு விடக்கூடாது, கால்வாய் நீரோடு கலந்துதான் விட வேண்டும் என்று அவரே எத்தனையோ விவசாயிகளைத் திட்டி அனுப்பியிருக்கிறார். கலக்கக் கால்வாய் நீர் இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த முகங்களெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிடும் என்று பயந்தார்.

முதல் தண்ணீரில் செடிகள் தலை நிமிர்ந்தன. கல்பிகே அவருக்குச் சோளக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டாவது தண்ணீர் விட்டு எட்டு நாளில் இலை ஓரங்கள் கருகின. மண்மேல் வெள்ளை பூத்தது. ஆகஸ்டிலும் கால்வாயில் தண்ணீர் வரவில்லை.

யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீ நின்றது. கம்பளியை யாரோ எடுத்துப் போனார்கள். மேலிருந்து தட்டும் சத்தம் இல்லை.

அக்டோபரில் அய்சானெமுக்கு ஏழாம் மாதமே வலி கண்டது. குழந்தை மூன்று நாள் இருந்தது. அதற்கு முன்பே அவளுடைய ஹீமோகுளோபின் பழைய இடத்துக்கு இறங்கியிருந்தது. துக்கம் கேட்க மாடி ஏறிப்போனார் பெர்தெபாய்.

"உள்ள வாங்க அண்ணே. உக்காருங்க," என்றாள் கல்பிகே. டீயை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட அவரால் அங்கே உட்கார்ந்திருக்க முடிந்திருக்கும். பாதிக் கோப்பையில் எழுந்துவிட்டார்.

படியில் பீபிஜமால் எதிர்ப்பட்டாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தோட்டம் இருந்திருந்தா?"

"தெரியாதுண்ணே," என்றாள் அவள். "மாத்திரைய முழுசாப் போடுங்க, மறக்காதீங்க."

டிசம்பரில் அய்சானெம் கணவனிடம் கஜகஸ்தானுக்குப் போனாள். பின்னாலேயே கல்பிகேயும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாள். ஜனவரியில் இன்னும் நான்கு வீடுகள் காலியாயின. பீபிஜமால் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டிருப்பதாக ரொட்டிக் கடையில் சொன்னார்கள்.

பிப்ரவரியில் தண்ணீர் வந்தது. கால்வாய் கரை முட்ட ஓடியது. பெர்தெபாய் மண்வெட்டியோடு பொட்டலுக்குப் போனார். இடிந்த வரப்பில் ஒரு கஜ தூரம் மண் அணைத்தார். மூச்சு வாங்கியது, காதுக்குள் இரைந்தது. இன்னும் நூற்றுப் பத்து கஜம் இருந்தது. குடியிருப்பைத் திரும்பிப் பார்த்தார். வெளிச்சமிருந்த இரண்டு சன்னல்களிலும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் மடையை அவர் திறக்கவில்லை. தண்ணீர் அவரைத் தாண்டிப் பருத்திக் காடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. கால் விறைக்கும்வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.