ஜைதூன் பீ அணைத்த பெட்டி

பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் பதினோரு வருஷம் பில் போட்ட சீதா, முப்பத்தாறு வயதில் நெட்வொர்க் படிக்கப் போனாள். கடையில் நெட் நின்றால் முதலாளி உட்பட எல்லோரும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியையே வெறித்துப் பார்ப்பார்கள். அதற்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை. மேற்கு மாம்பலத்து மாடியறை வகுப்பில் எட்டு மாதம் படித்தாள். நந்தனத்தில், பல கிளினிக்குகளின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன ஆபீஸில் வேலை கிடைத்தது.

மூன்றாவது வாரம், ராயப்பேட்டை கண் கிளினிக் ஒன்றுக்கு நெட் வரும் பெட்டியான ரௌட்டரில் வெளியாட்கள் நுழையாதபடி விதி எழுதும் வேலையை மேலாளர் ஆனந்தகுமார் அவளிடம் கொடுத்தார். கிளினிக் எட்டரைக்குத் திறக்கும். சீதா காலை ஏழுக்கே வந்து, ஆபீஸில் இருந்தபடியே அந்த ரௌட்டருக்குள் நுழைந்தாள். விதியை எழுதி என்டர் தட்டினாள். திரை அப்படியே நின்றுபோனது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. வெளியிலிருந்து யாரும் வரக் கூடாது என்று எழுதியவள், தானும் வெளியில்தான் இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டாள். இனி இங்கிருந்து உள்ளே போக முடியாது. கிளினிக் கேட்கும் பதில்களும் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதால், அதன் நெட்டும் சேர்ந்தே செத்திருக்கும்.

ஒரே ஆறுதல், அந்த விதியை அவள் இன்னும் சேமிக்கவில்லை. ரௌட்டரை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் யார் அணைப்பது? ஆனந்தகுமார் போனை எடுக்கவில்லை, வண்டியில் வந்துகொண்டிருப்பார். கிளினிக் நம்பரை அழுத்தினாள்.

"யாரும் வரலம்மா. நான் பெருக்கித் துடைக்கிறவ, ஜைதூன் பீ. இன்னா விஷயம்?"

ஏதாவது சாக்குச் சொல்லலாமா என்று நினைத்தாள். வாயில் வந்தது உண்மைதான். "அக்கா, நான் உங்க நெட்டைப் பாத்துக்குற ஆபீஸ்லேருந்து சீதா. ஒரு தப்புப் பண்ணி நிறுத்திட்டேன். நீங்க ஒரு பெட்டியை அணைச்சுப் போட்டாத்தான் சரியாகும்."

"தெரியாதவங்க சொன்னா எதையும் தொடக் கூடாதும்மா. எங்க மேனேஜரம்மாவைக் கேட்டுட்டு வரேன்."

கேட்டுவிட்டு அவளே திரும்பக் கூப்பிட்டாள். "மூணு பெட்டி கீது. எதை அணைக்கிறது?"

பெட்டிமேல் இருந்த இங்கிலீஷை ஜைதூன் பீயால் படிக்க முடியவில்லை. சீதா யோசித்தாள். "எதுல எத்தனை ஒயர்னு சொல்றீங்களாக்கா?"

"ஒண்ணுல கொத்தாத் தொங்குது. ஒண்ணுல ஒரே ஒயரு, அது சொவத்துக்குள்ள போவுது. நடுவுல கீறதுல மூணு."

கரண்ட்டுக்கு ஒன்று, நெட் உள்ளே வர ஒன்று, கிளினிக்குக்குள் போக ஒன்று என ரௌட்டருக்கு மூன்றுதான். "அந்த மூணு ஒயர் பெட்டிதான். பின்னாடி சுவிட்ச் இருக்கும். அணைச்சு, பத்து எண்ணிட்டுப் போடுங்க."

ஏக், தோ, தீன் என்று உருதுவில் நிதானமாக எண்ணும் குரல் போனில் கேட்டது.

"பச்சை லைட்டு வந்திச்சிம்மா. வேலைக்குப் புச்சா?"

"மூணு வாரம்க்கா."

"மொத வாரத்துல நான் ஆபரேசன் ரூமை தப்பான மருந்து ஊத்தித் தொடச்சிட்டேன். அன்னிக்கு ஆபரேசனே நின்னுபூட்ச்சி. அப்பறமும் பதினாலு வருசமா இங்கதான் கீறேன். பயப்படாத."

சீதாவுக்குக் கண் கலங்கியது. நான்காவது நிமிஷம் ரௌட்டர் பதில் சொன்னது. இந்த முறை தங்கள் ஆபீஸை அனுமதிக்கும் வரியை முதலில் எழுதினாள். கிளினிக் கேட்டு வாங்கும் பதில்கள் உள்ளே வர இன்னொரு வரி. மற்ற யாருக்கும் இடமில்லை என்பது கடைசியில். எல்லாவற்றையும் சோதித்துச் சேமித்தபோது மணி எட்டு பத்து.

ஆனந்தகுமார் வந்ததும் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் இப்படிப் பண்ணிட்டு திருச்சி வரைக்கும் பஸ்ல போய்ப் பெட்டியை அணைச்சுப் போட்டிருக்கேன். இனிமே இந்த மாதிரி வேலைக்கு முன்னாடி, பத்து நிமிஷத்துல நீயே ரீஸ்டார்ட் ஆகுன்னு ரௌட்டருக்குச் சொல்லி வச்சிடு. எல்லாம் சரியா இருந்தா அதை ரத்துப் பண்ணிடலாம்." அந்தக் கட்டளையை அவள் கையால் அடிக்க வைத்தார்.

அன்றைய அறிக்கையில் 'தவறு செய்தவர்' என்ற இடத்தில் சீதா தன் பெயரை எழுதினாள். 'சரிசெய்தவர்' என்ற இடத்தில் ஜைதூன் பீ என்று எழுதினாள். ஆனந்தகுமார் படித்துவிட்டு, ஒரு சொல்லும் மாற்றாமல் கிளினிக்குக்கு அனுப்பினார்.

சனிக்கிழமை சீதா ராயப்பேட்டைக்குப் போனாள். ஜைதூன் பீ ஒல்லியாக, அவள் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். சீதா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குச் செய்த உதவிக்கு நன்றி சொன்னாள்.

"அது கெடக்கட்டும்," என்று ஜைதூன் பீ அவளை அந்தப் பெட்டியிடம் இழுத்துப் போனாள். "மேனேஜரம்மா என் பேரைப் படிச்சிக் காமிச்சாங்க. ஆனா நான் இன்னா பண்ணேன்னு எனக்கே புரியல. இந்த மூணு ஒயரும் எங்க போவுது, சொல்லு."

சீதா முதல் ஒயரைத் தொட்டுக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தாள்.