தொகுதி எண்

என் சித்தி மகள் என்னைவிட ஏழு மாதம் இளையவள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே பெஞ்சு. டீச்சர் கேள்வி கேட்டால், எழுந்து நிற்பதற்குள் அவள் வாயிலிருந்து பதில் வந்துவிடும். எனக்கு எழுந்து நின்ற பிறகும் வராது. தொண்டையில் யாரோ துணியை வைத்து அடைத்ததுபோல் இருக்கும். பத்தாவதோடு நான் நின்றுவிட்டேன். அவள் சட்டம் படித்து, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, நான் டைப் அடிக்கிற அதே வக்கீல் அலுவலகத்துக்கு ஜூனியராக வந்து சேர்ந்தாள். இவளுக்கு வேறு வக்கீலே கிடைக்கவில்லையா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"உனக்குத்தான் பேச்சுத் துணை" என்றாள் அம்மா. நான் என்றைக்குப் பேசினேன், துணை வேண்டியிருக்க?

அந்த அலுவலகத்தில் எனக்கென்று ஒன்றே ஒன்று இருந்தது: முன்தீர்ப்புப் பட்டியல் போடுவது. எங்கள் கட்சிக்காரருக்குச் சாதகமான பழைய தீர்ப்புகள் எவை, அவை எந்தப் புத்தகத்தில் எங்கே இருக்கின்றன என்று நீதிபதிக்குக் கொடுக்கும் தாள் அது. முதலில் வழக்காடிய இருவரின் பெயர். பிறகு ஆண்டு, தொகுதி எண், தொகுப்பின் பெயர், தீர்ப்பு தொடங்கும் பக்கம். கடைசியில், நமக்கு வேண்டிய வரிகள் இருக்கும் பக்கம். வரிசை மாறக் கூடாது. ஒன்று விட்டுப்போனாலும், தெருப் பெயர் சொல்லாமல் கதவு எண்ணை மட்டும் கொடுத்து ஆளைத் தேடச் சொன்ன கதைதான். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அலமாரியில் தூசி தட்டும்போது பார்த்ததை, வீட்டில் துணிக்கு அடியில் ஒளித்திருக்கும் நோட்டில் எழுதிப் பழகினேன். நான்கு வருஷத்தில் ஒரு தப்பு வந்ததில்லை.

அவள் வந்த இரண்டாம் வாரம் வக்கீல் ஐயா சாதாரணமாகச் சொன்னார்: "இனிமே லிஸ்ட்டை ஜூனியர் பாத்துக்கும். நீ டைப் மட்டும் அடிச்சாப் போதும்மா."

போதுமாம்.

குமாஸ்தா அண்ணன் சும்மா இருப்பாரா? "என்ன பாப்பா, மூஞ்சி சுண்டைக்கா சைஸுக்கு வந்துடுச்சு? தங்கச்சி வந்தா சந்தோஷப்படணும்."

"சந்தோஷம்தான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அடுத்து வந்தது தையல்காரர் வழக்கு. விபத்தில் கை முறிந்து இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார் அவர். கடை பூட்டியிருந்தது. கடையை அவர் கைவிட்டுவிட்டார், காலி செய்து கொடுக்கட்டும் என்று கட்டடச் சொந்தக்காரர் வழக்குப் போட்டுவிட்டார். "சின்னக் கேஸ்தான், நீயே வாதாடு" என்று ஐயா அவளிடம் கொடுத்தார். அவளுக்கு முதல் வழக்கு. சித்தி அன்றைக்கே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஃபோன் போட்டுவிட்டாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை.

அவள் ஆறு தீர்ப்புகளைக் கையால் எழுதிக் கொண்டுவந்தாள். எழுத்துகூட அழகு. "அக்கா, அடிச்சுக் குடுத்துடறியா? நீ அடிச்சா எனக்குப் பயமே இல்ல."

நாலாவதில் தொகுதி எண் இல்லை. அவள் ஜெராக்ஸைப் பார்த்து எழுதியிருக்கிறாள். அதன் மேல் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. அந்த ஆண்டின் தொகுப்பு மூன்று தொகுதிகளாக வந்தது. மூன்றிலும் 214ஆம் பக்கம் உண்டு. அவள் சொல்லும் தீர்ப்பு இருப்பது மூன்றாவதில். நோயாலோ காயத்தாலோ பூட்டிய கடை கைவிட்ட கடை ஆகாது என்று சொல்லும் தீர்ப்பு அது ஒன்றுதான். தையல்காரரின் வழக்கே அதில்தான் நிற்கிறது.

வாயைத் திறந்திருக்கலாம். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயேதான் நின்றாள். அவள் கோட்டில் புதுத்துணி வாசனை. டைப் மட்டும் அடித்தால் போதும் என்றுதானே சொன்னார்கள்? எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே அடித்தேன்.

மறுநாள் புத்தகப் பையைக் கட்டியதும் நான்தான். நீதிமன்றத்தில் நூலகம் இருக்கிறது. ஆனாலும் வாதாடுகிறவர் வாசித்துக் காட்ட எங்கள் புத்தகங்களையும் கொண்டுபோவோம். மூன்றாம் தொகுதியைக் கையே தானாக எடுத்து வைத்தது. ஏன் எடுத்தாய் என்று கையைக் கேட்கவில்லை.

ஐயா பின் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நான் சுவரோரம், மடியில் பையோடு. தையல்காரர் எனக்குப் பக்கத்தில். அவள் நன்றாகப் பேசினாள். அதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்று தீர்ப்புகள் வரை நீதிபதி தலையாட்டிக்கொண்டே வந்தார். நாலாவதற்கு நீதிமன்ற ஊழியர் மூன்று தொகுதிகளில் கைக்கு வந்த ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நீதிபதி புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, நீங்க சொன்ன பக்கத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேர் வாத்துக் குட்டைக்குச் சண்டை போடறாங்க. உங்க கட்சிக்காரர் சட்டை தைக்கறாரா, வாத்து மேய்க்கறாரா?"

அறை முழுக்கச் சிரிப்பு. எதிர்த்தரப்பு வக்கீல் மேஜையைத் தட்டியே சிரித்தார். நானும் உள்ளுக்குள் சிரித்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து சேர்த்து வைத்த சிரிப்பு.

அவள் தாளைப் புரட்டினாள்; ஜெராக்ஸிலும் எண் இல்லை. காது மடல்வரை சிவந்துவிட்டது. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அந்தத் துணி எனக்குத் தெரியும். அது அடைத்தால் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"கிடைக்கலைன்னா நாலாவதை விட்டுட்டு மேல போங்க" என்றார் நீதிபதி.

தையல்காரர் என் பக்கம் குனிந்து, "என்னம்மா ஆச்சு? நமக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். கோணலாகப் பொருந்திய மணிக்கட்டை இன்னொரு கை தடவிக்கொண்டே இருந்தது.

பையைத் திறந்து மூன்றாம் தொகுதியை எடுத்தேன். வேண்டிய வரிகள் இருக்கும் 219ஆம் பக்கத்தைப் பிரித்து, எழுந்துபோய் அவள் முன்னால் வைத்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எப்படி நடந்து திரும்பி வந்தேன் என்று தெரியாது.

அவள் வாசித்தாள். குரல் திரும்பிவிட்டது. நீதிபதி அந்த வரிகளை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். மதியத்துக்குள் கட்டடச் சொந்தக்காரர் போட்ட வழக்கு தள்ளுபடி. தையல்காரர் அவளைத்தான் கும்பிட்டார்.

படிக்கட்டில் ஐயா நின்றார். "தொகுதி எண் எப்படி விட்டுப்போச்சு? டைப்புலயா?" அவர் கண் என் மேல் இருந்தது.

"இல்ல சார், நான்தான் எழுதாம விட்டுட்டேன். அக்கா மேல தப்பில்ல" என்றாள் அவள்.

என் மௌனம் எல்லோருக்கும் பழகிப்போனது. யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஐயா போனதும் அவள் மெதுவாகக் கேட்டாள்: "மூணு புக்குல அதை மட்டும் எடுத்து வெச்சிருந்தியே. அப்போ உனக்கு முன்னாடியே தெரியும், இல்லக்கா?"

தலையாட்டினேன்.

"ஏன் சொல்லல?"

நான் பையைத் தூக்கினேன். அவள் அதன் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாகத் தூக்கி வந்தோம். வீட்டில், ஐயாவிடம், சித்தியிடம், யாரிடமும் அவள் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கோபப்பட எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

அடுத்த வழக்கின் பட்டியல் இன்று என் மேஜைக்கு வந்தது. ஏழு தீர்ப்புகள். அடியில் "தயாரித்தது" என்று அவள் பெயர். அதற்குக் கீழே "சரிபார்த்தது" என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருந்தாள்.

ஏழு புத்தகங்களையும் இறக்கினேன். பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாவற்றையும் மூன்று தடவை பார்த்தேன். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு இருக்காதா என்று பார்த்தேன். இல்லை. எரிச்சலாக இருந்தது.

கையெழுத்துப் போட்டேன்.