பசை தொடாத தெரு

அந்த வீட்டுக்குள் காற்று நுழைந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. ஜன்னல்கள் இருந்தன, திறந்தும் இருந்தன. காற்று வாசல் கேட்வரை வரும், கொஞ்ச நேரம் நிற்கும், திரும்பிப் போய்விடும். உள்ளே திரைச்சீலைகள் பலகைபோலத் தொங்கின. கெட்டிலிலிருந்து கிளம்பும் ஆவி எந்தப் பக்கமும் வளையாமல் நேராகப் போய்க் கூரையைத் தொட்டது. வானிலை அலுவலகத்திலிருந்து ஒருவர் கருவியோடு வந்து, கூடத்தின் நான்கு மூலைகளிலும் அளந்து, நான்கு முறையும் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். கேட்டுக்கு வெளியே கதையே வேறு. உள்ளே போக முடியாத காற்றெல்லாம் அங்கே தேங்கி நின்றதால், தபால்காரர் அந்த ஓர் இடத்தில் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். அக்கம்பக்கத்தார் ஈரத்துணியை அந்த கேட்டில்தான் போட்டார்கள். கால் மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். வீட்டில் இருந்த மூன்று பேரும் ஏற்கெனவே உள்ளே இருந்த காற்றை வைத்தே காலம் தள்ளினார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வீட்டுக்காரி அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவள். வெட்டும் இயந்திரத்தின் அடியில் விழும் காகித ஓரங்களைப் பையில் அள்ளி வந்து, நறுக்கி, கிழித்து, அட்டையில் ஒட்டிப் படமாக்குவாள். படித்தவர்கள் அதைக் கொலாஜ் என்றார்கள். தெரு அவளை ஒட்டுக்காரி என்றது. நீலம் வேண்டுமென்றால் பழைய அட்லாஸின் கடல் பக்கங்கள், மண்ணுக்குச் சிமெண்ட் பையின் உள்தாள், வெள்ளிக்கு மாத்திரை அட்டையின் முதுகு. கத்தரியால் வெட்டிய ஓரம் பொய் சொல்லும், கையால் கிழித்த ஓரம்தான் உண்மை பேசும் என்பது அவள் கட்சி. ஆனால் எதையும் எடுத்த எடுப்பில் ஒட்டிவிட மாட்டாள். முதலில் பசையே இல்லாமல் துண்டுகளை அட்டையில் பரப்ப வேண்டும். நாள் கணக்கில் பார்க்க வேண்டும், நகர்த்த வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். மனசு சரியென்று சொன்ன பிறகுதான் அடுப்பில் மைதாப் பசை ஏறும்.

அப்படிப் பரப்பி வைத்ததுதான் பெரிய படம். கூடத்து ஜன்னலை ஒட்டிப் போட்ட மேசைமேல், ஆறடிக்கு நாலடி பழுப்பு அட்டை. அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று காலையில் வாசலில் நின்று பார்த்த தெருவை அதில் செய்தாள். வீட்டுக்குள் தானாக வந்த காகிதத்தைத் தவிர வேறு எதையும் அதில் சேர்ப்பதில்லை என்று ஒரு பிடிவாதம். மூன்றாவது வாரம் காற்று வழக்கம்போல ஜன்னல் வழியாக வந்து அத்தனையையும் புரட்டிப் போட்டது. அவள் வாசலுக்குப் போய், இனிமேல் நான் கூப்பிடாமல் இந்த வீட்டுக்குள் வராதே என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள். காற்றுக்கும் ரோஷம் உண்டு. அன்றைக்கு நின்றதுதான்.

பிறகு துண்டுகள் ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டாக வளர்ந்தன. கடைசி ஏழு வருடத்தில் அவள் எதையும் நகர்த்தவில்லை, ஒட்டவும் இல்லை. ஒட்டிவிட்டால் அந்தக் காலை முடிந்துபோகும் என்று பயந்தாள். சின்னப் படங்களை மளமளவென்று ஒட்டி முடிக்கிற கை, இந்தப் படத்துக்கு முன்னால் வந்தால் பின்வாங்கியது.

அவள் கணவருக்குச் சைக்கிள் பஞ்சர் கடை. ஊர் டயர்களுக்கெல்லாம் காற்றடித்துக் கொடுக்கிறவர் வீட்டில் காற்று இல்லை என்று தெருவில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சண்டை சச்சரவு இல்லாத மனிதர். அவர்மேல் அவளுக்கு ஒரே ஒரு குறைதான். பெரிய படத்தை அவர் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. மேசையைக் கடக்கும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போவார். நன்றாக இருக்கிறது என்று புகழ வேண்டாம், நன்றாக இல்லை என்றாவது சொல்லலாமே என்று அவள் மகளிடம் எத்தனையோ தடவை குறைப்பட்டிருக்கிறாள். மகள் நர்ஸ் வேலைக்குப் படித்து வேறு ஊருக்குப் போன பிறகு, அந்தக் குறையைக் கேட்கவும் ஆள் இல்லாமல் போயிற்று.

நகரமன்றத்துக் கண்காட்சிக்கூடத்தை நடத்தும் அம்மையார் ஒருநாள் வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். பதினைந்து நாளில் கண்காட்சி, பதினான்கு படம் வேண்டும், பெரியது நடுச்சுவரில் நிற்க வேண்டும் என்றார். செங்குத்தாக நிற்க வேண்டுமென்றால் பசை இல்லாமல் ஆகாது. ஒட்டுக்காரி கணக்குப் போட்டாள்: துண்டு துண்டாக எடுத்து, தடவி, பதித்து, பாரம் வைத்துக் காயவிட ஒன்பது நாள். சட்டங்களுக்கு ஆணியடிக்க மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள்.

வந்த மூன்றாம் நாள் விடியற்காலையில் அவள் அப்பாவை கேட்டருகே பார்த்தாள். மழை வருமா என்று பார்க்கப் போகிறேன் என்பது அவர் வழக்கமான பேச்சு. பத்தொன்பது வருடமாகத் தினமும் மழை பார்க்கிற மனிதர். அன்று அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் ஏறி இறங்க, தண்ணீர் குடிப்பதுபோலக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தார். மகள் நேராக அடுப்படிக்குப் போனாள்.

“அம்மா, அப்பா மழை பாக்கப் போகல. மூச்சு விடப் போறார். நெஞ்சு விசில் மாதிரி அடிக்குது. மருந்து பாதிதான் கேக்கும். இந்த வீட்டுக்குள்ள காத்து வரணும்.”

ஒட்டுக்காரி பசைக் கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள். அவர் கேட்டிலிருந்து திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

“இத்தனை வருஷமா வாயத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா உங்களுக்கு?”

“நீ ஒட்டி முடிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்” என்றார் அவர்.

அன்றே ஒட்டத் தொடங்கிவிட வேண்டும் என்று பசையைக் காய்ச்சி இறக்கினாள். அது ஆறுவதற்குள், பகல் பதினொரு மணிக்கு, அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வளைந்தார். உதடு நீலம் பூத்தது. கேட்வரை நடத்திக் கூட்டிப்போக முடியாது. மகள் மருந்தை வாயில் அடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேசையைப் பார்த்தாள். அது ஒரு நொடிதான். அப்புறம் அவள் வாசலுக்கு ஓடி, உள்ளே வா என்று காற்றைக் கூப்பிட்டாள். காற்று கோபித்துக்கொண்டு போன சம்பந்தியைப்போல கேட்டில் நின்றுகொண்டு கேட்காத மாதிரி இருந்தது.

“தப்பு எம்மேலதான். மனசுல வெச்சுக்காத. உள்ள வா, அவருக்கு மூச்சு முட்டுது.”

காற்று உள்ளே வந்தது. பத்தொன்பது வருடக் காற்றும் ஒன்றாக வந்ததால் திரைச்சீலைகள் கம்பியோடு பிடுங்கிக்கொண்டன. தெரு மேசையிலிருந்து எழுந்து கூடம் முழுக்கப் பறந்தது. மகள் கையை வீசி ஏழெட்டுத் துண்டுகளைப் பிடித்தாள். ஒட்டுக்காரி, அதை விடு, அப்பாவை நிமிர்த்திப் பிடி என்றாள். அவள் அவர் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டு, அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் உதட்டுக்கு நிறம் திரும்பியது. அதுவரை அவள் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. துண்டுகள் சாயங்காலம்வரை வீட்டைச் சுற்றிவிட்டு, ஒவ்வொன்றாக ஜன்னல் வழியாக வெளியே போயின.

அட்டை மட்டும் மிஞ்சியது. வெயில் பட்டுப் பட்டு அது வெளுத்திருந்தது; துண்டுகள் கிடந்த இடங்கள் மட்டும் வெளுக்காமல், கரும்பழுப்பாக, தெருவின் உருவத்திலேயே இருந்தன. கண்காட்சிக்கூடத்து அம்மையார் வந்து பார்த்தார். இதையே மாட்டுவோம் என்றார்.

கண்காட்சிக்கூடம் மாடியில். படிகள் இருபத்திரண்டு, திறப்பு நாளன்று பஞ்சர்காரர் ஐந்து இடத்தில் நின்று நின்று ஏறினார். மற்றப் பதின்மூன்று படங்களின் முன்னாலும் கூட்டம் இருந்தது. நடுச்சுவரின் முன்னால் நின்றவர்களுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. படம் எங்கே என்று ஒருவர் கேட்டார். ஒட்டுக்காரி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், அவள் கணவர் முன்னால் வந்து இடதுகை மூலையில் ஒரு கறையைத் தொட்டார்.

“இங்க நாங்க கட்டில் வாங்குன ரசீது. பக்கத்துல பாப்பாவோட ஒண்ணாங்கிளாஸ் பரீட்சைப் பேப்பர், ரெண்டு மார்க் தெரியும். அதுக்குக் கீழ என் கடைப் பஞ்சர் ஒட்டு டப்பாவோட லேபிள், அதான் எதிர் வீட்டுக் கதவு.”

அவர் சொல்லிக்கொண்டே போனார். கூடத்தின் ஜன்னல்கள் திறந்திருந்தன. கட்டில் ரசீது என்று அவர் சொன்னதும் கட்டில் ரசீது ஜன்னல் வழியாக வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. பரீட்சைப் பேப்பர் அதன் பின்னால் வந்தது. அங்கிருந்தவர்கள் அவற்றுக்கு வழிவிட்டு நின்றார்கள். ஒட்டுக்காரிக்கு அந்தத் துண்டுகளின் வரவைவிட இன்னொன்றுதான் நம்ப முடியாததாக இருந்தது. எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

“கேட்ல நின்னு, ஜன்னல் வழியா. தினமும்தான். கிட்ட வந்து பாத்தா என் மூச்சு பட்டுக் கலைஞ்சுடுமேன்னு முகத்தத் திருப்பிப்பேன்.”

அவள் எல்லோர் முன்னாலும் அழுதாள். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மூடும் நேரம்வரை நின்றபடியே ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டையும் சொல்லி முடித்தார். கூடத்து அம்மையார் பசை டப்பாவோடு வந்து, இப்போதாவது ஒட்டிவிடலாமா என்று கேட்டார். ஒட்டுக்காரி வேண்டாம் என்றாள், ஜன்னல்களையும் சாத்த வேண்டாம் என்றாள். கண்காட்சி பன்னிரண்டு நாள் நடந்தது. ஒரு துண்டும் விழவில்லை. வருகைப் பதிவேட்டில் அதைப் பற்றி யாரும் தனியாக எழுதவும் இல்லை. கணவனும் மனைவியும் தினமும் வந்தார்கள். கடைசி நாள் அவர் கைப்பிடியைத் தொடாமல் படியேறினார். அவள் பின்னாலேயே உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டுவரை அவர் நிற்கவில்லை.