பிழைத்த ஈக்கள்

வெள்ளத்துரை அண்ணாச்சியைத் திருடன் என்று முதலில் சொன்னவள் நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

திருவொற்றியூரில் அப்போது கொசு, ஈ ஒழிப்பு மருந்துக் கிடங்கு ஒன்று இருந்தது. கப்பலில் வந்திறங்கும் டி.டி.டி. பவுடர் பீப்பாய்கள் அங்கேதான் இருக்கும். கிடங்குச் சாவி அண்ணாச்சியிடம். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். பவுடர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. அதற்காக ஈ வளர்த்தேன். 'ஈக்காரி எல்சி' என்று ராயபுரத்தில் என்னைக் கேலி செய்யாத வாய் இல்லை. செய்யட்டுமே. சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் பெண் எங்கள் குப்பத்தில் நான் ஒருத்திதான்.

வெல்லமும் பாலும் வைத்துக் கூண்டில் நூறு ஈக்களை எப்போதும் உயிரோடு வைத்திருப்பேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அதில் ஐம்பதைப் பிடித்து, பவுடர் தூவிய கண்ணாடி ஜாடியில் விட்டு, எத்தனை மல்லாந்தன என்று எழுதுவேன். 1953 ஜனவரியில் நாற்பத்தெட்டு செத்தன. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அடுத்த ஜனவரியில் ஒன்பதுதான் செத்தன. "பவுடர்ல சுண்ணாம்பு கலந்து கீது சார். சாவி ஒரே ஆள் கையிலதானே கீது?" என்று எங்கள் மேலதிகாரி டாக்டர் வேலப்பனிடம் நானே போய்ச் சொன்னேன். எனக்கு வாய் நீளம். கண்டுபிடித்துவிட்டோம் என்று பெருமை வேறு.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு அண்ணாச்சியைக் கூட்டிப்போக போலீஸ் இன்ஸ்பெக்டர் வருவதாக ஏற்பாடு.

ஒன்பது மணிக்கு நான் மீன் பையைச் சோதனை மேஜையில் வைத்தேன். பையோடு வந்த ஈ ஒன்று எழும்பிப் போய், திறந்திருந்த ஜாடிக்குள் உட்கார்ந்தது. நான் வேறு வேலை பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அது மல்லாந்து காலை உதறிக்கொண்டிருந்தது. போன வாரம் என் ஈக்கள் சாகாமல் உலாத்திய அதே ஜாடி, அதே பவுடர். அப்படியானால் பவுடரில் குறை இல்லையோ?

கடற்கரைக் கருவாட்டுக் களத்துக்கு ஓடினேன். துணியை வீசி ஈக்களை மடக்கினேன்.

"இன்னாமே எல்சி, கருவாட்ட வுட்டுட்டு ஈயப் புடிச்சிகினு போறே?" என்று களத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த தாயம்மா சிரித்தாள். பதில் சொல்ல நேரமில்லை.

திரும்பியபோது இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். அண்ணாச்சி சாவிக்கொத்தை டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக நின்றார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"சார், ரெண்டு மணி நேரம் குடுங்க. இது வெளி ஈ. ஒரு தபா பாத்துடலாம் சார்" என்று டாக்டரைக் கெஞ்சினேன். இன்ஸ்பெக்டர் முகம் சுளித்தார். டாக்டர் தலையசைத்தார்.

ஐம்பது ஈக்களை உள்ளே விட்டேன். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்று விழுந்தது. நான்கு, பத்து என்று விழுந்தன. பன்னிரண்டு அடிப்பதற்குள் நாற்பத்தெட்டு மல்லாந்துவிட்டன. இரண்டு மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தன.

"ரெண்டு சாகலையே. அப்ப கலப்படம்தான்" என்று சொல்லி இன்ஸ்பெக்டர் எழுந்து அண்ணாச்சியின் தோளில் கை வைத்தார்.

"போன வருஷமும் இதே நாற்பத்தெட்டுதான் சார். பவுடர் சரியாத்தான் இருக்கு" என்ற டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஊர் ஈ சாகுது. உன் கூண்டு ஈ மட்டும் ஏன் சாகலை, எல்சி?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இன்ஸ்பெக்டரின் கை இன்னும் அண்ணாச்சியின் தோளில் இருந்தது. அந்த இரண்டு ஈக்களையும் பார்த்தேன். எப்படி ஆரம்பித்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சோதனை முடிந்ததும் செத்தது, பிழைத்தது எல்லாவற்றையும் கொளுத்திவிட வேண்டும் என்பது உத்தரவு. கடல் தப்பவிட்டுக் கரை சேர்ந்த ஆளை எங்கள் குப்பத்தில் அந்த வருஷம் முழுக்க யாரும் கை நீட்டி அடிக்க மாட்டோம். அந்த மனசு எனக்கு ஈயிடமும் வந்து தொலைத்தது.

"நான்தான் சார். பொழைச்சத கொளுத்த மனசு வரல. மறுபடி கூண்டுலயே வுட்டேன். வருஷம் பூரா அப்டிதான் பண்ணிகினு இருந்தேன்."

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அதனால ஈ மருந்துக்குப் பழகிப்போச்சா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"எந்த ஈயும் பழகலை சார். நூத்துல மூணு நாலு பிறவியிலேயே தாங்கும். ஜாடிக்குப் போன மத்ததெல்லாம் முட்டை போடாம செத்துது. இவ காப்பாத்தினது முட்டை போட்டுது, குஞ்சுகளும் தாங்குச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தலைமுறை. இப்ப கூண்டுல நூத்துக்கு எண்பது அந்த வம்சம்தான்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே மருந்தடிக்கும் லாரி சடையங்குப்பத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. "வெளியிலயும் நாம இதைத்தானே செய்யறோம். தாங்கறதை மட்டும் மிச்சம் வைக்கறோம்" என்று மெதுவாகச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் போய்விட்டார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார் டாக்டர். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். வேலை போனதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

வாசலில் அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றேன்.

டாக்டர் திருப்பிக் கொடுத்த சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு முதல்முறையாக என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

"ஆறு நாளா எம் பிள்ளைய களவாணி மவன்னு கூப்பிடுதாவ. ஈ மேல அவ்வளவு எரக்கப்பட்டியே தாயி, என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

கிடங்கைத் திறக்கப் போய்விட்டார். நான் நின்ற இடத்திலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.