குறையில்லாத இல்லம்

"கேக்குறத மட்டும் சிங்களத்துல சொல்லு, சுஜி. ஒன்னோட அபிப்பிராயத்த அங்க யாரும் கேக்கல."

சேலை மடிப்பில் ஊசி குத்திக்கொண்டிருந்த சுஜீதா நிமிர்ந்து பார்க்கவில்லை. விடிந்ததிலிருந்து விஜேந்திரன் இதையே சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய பயம் அவளுக்குப் புரியாமல் இல்லை. ருவான்வெல்லைக் கடைவீதியில் சண்முகநாதன் முதலாளியின் இரும்புக் கடையில்தான் அவன் கணக்குப்பிள்ளை. கடைக்குப் பின்னாலிருந்த இந்த வீடும் முதலாளியுடையதுதான். வாடகை என்று அவர் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு கயிறுதான் என்பது கட்டப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

முதலாளி தன் தாயாரின் பெயரில் ஒரு முதியோர் இல்லம் நடத்திவந்தார். தோட்டங்களில் உழைத்து ஓய்ந்து, பார்க்க ஆளில்லாமல் போன தமிழ்ப் பெண்களுக்கு அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் கதி. அங்கே பராமரிப்பு எப்படி இருக்கிறதென்று பார்க்க அன்றைக்கு சமூக சேவை அதிகாரி வருகிறார். அவருக்குத் திருப்தியானால் அரசாங்கப் பதிவு கிடைக்கும். பதிவு கிடைத்தால் வெளிநாட்டு உதவியும் வரும். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. இல்லத்தைச் சேராத ஒருவர்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட, முதலாளி யோசிக்காமல் சொன்ன பெயர், "நம்ம விஜேந்திரன் சம்சாரம், சுஜீதா டீச்சர்."

"நம்மளையும் ஒரு ஆளா மதிச்சுத்தானே கூப்புட்டிருக்காரு" என்றான் விஜேந்திரன்.

"நம்மளையா? என்னையா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனான். அந்தக் கேள்வியை அவர்கள் இருவரும் வீட்டுக்குள்ளேகூட உரக்கப் பேசுவதில்லை. எஹலியகொடைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயங்களின் வாசலைக் கூட்டி கக்கூஸ் கழுவிய மூக்கனின் மகள் அவள். வாசக்கூட்டி மகள். ஆசிரியர் பயிற்சியின்போது விஜேந்திரனைக் கண்டு, விரும்பி, கட்டிக்கொண்டாள். அவன் ஆட்களிடமும் கடைவீதியிலும் பெண்ணுக்குக் கண்டிப் பக்கம் என்றும், தங்கள் சாதி ஆட்கள்தான் என்றும் சொல்லிவைத்தான். அன்றிலிருந்து அவள் கோயிலில் முன்வரிசையில் நின்றாள். முதலாளியம்மா தன் கையால் அவளுக்குக் குங்குமம் வைத்துவிட்டாள்.

இல்லம் பழைய துரை பங்களா ஒன்றில் இருந்தது. சுற்றிலும் ரப்பர் மரங்கள். முதலாளியின் வேனில், அதிகாரி முன்னாலும் சுஜீதாவும் முதலாளியும் பின்னாலுமாகப் போய் இறங்கினார்கள். அதிகாரி ஐம்பது வயதை நெருங்கிய, அலட்டல் இல்லாத பெண். கடமைக்கு வந்துபோகிறவராகத் தெரியவில்லை. மெத்தைகளை அழுத்திப் பார்த்தார். மருந்து அலமாரியைத் திறந்து காலாவதித் திகதி பார்த்தார். கழிவறைக்குள் போய் நின்று மூச்சை இழுத்தார். பருப்புக் கறியைக் கையில் வாங்கி நக்கிப் பார்த்தார். எல்லாம் சுத்தம். கூடத்திலிருந்த பெண்கள் துவைத்த சேலையும் எண்ணெய் வைத்த தலையுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"நேரத்துக்குச் சோறு குடுக்குறாங்க. சொகமில்லாட்டி டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறாங்க. பெத்த புள்ளகூட இப்புடிப் பாக்காது நோனா" என்றாள் ஒருத்தி.

அது பொய்யில்லை. சுஜீதா அதை அப்படியே சிங்களத்தில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே நெஞ்சு லேசானது. காலையில் பயந்ததெல்லாம் வீண் என்று நினைத்தாள். மொழிபெயர்க்கக் கஷ்டமான எதையும் யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் பங்களாவின் பின்னாலிருந்து இருமல் சத்தம் கேட்டது.

"அங்கே யார்?" என்று கேட்டார் அதிகாரி.

"அது ஒரு அம்மா. தனியா இருக்கத்தான் பிரியப்பட்டாங்க" என்று முதலாளி நல்ல சிங்களத்தில் சொன்னார். அதிகாரி அதற்குள் நடந்துவிட்டார்.

விறகுக் கொட்டிலை ஒட்டித் தகரம் அடித்த அறை. அதில் ஒரு கட்டில். கட்டிலில், இடது கையும் காலும் விழுந்துபோய், சுவரில் சாய்ந்திருந்தாள் ஒரு கிழவி. தலைமுடி சடைபிடித்துக் கிடந்தது. வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றவர்களைக் கண் இடுக்கிப் பார்த்தவள், சுஜீதாவிடம் வந்ததும் நிறுத்தினாள். ஒரு பக்கம் கோணிய அந்த முகம் மலர்ந்தது.

"மூக்கன் மகளா? சுசீலயா நீயி?"

அங்கம்மா அத்தை. அப்பாவின் தங்கை. பிள்ளையில்லாதவள். சுஜீதா என்ற பெயர் ஒருநாளும் அவள் வாயில் வந்ததில்லை. பள்ளிக்கூட நாளில் சோறு கொண்டுவருவாள். வாசக்கூட்டி வீட்டுச் சோறு என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்பதால் வேலிக்கு வெளியே தள்ளி நின்று, யாருக்கோ கொண்டுவந்தவள்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நீட்டுவாள். கல்யாணத்துக்குப் பிறகு சுஜீதா அவளைப் போய்ப் பார்க்கவில்லை. அவிசாவளையில் ஒரு உறவுக்காரன் பார்த்துக்கொள்கிறான் என்று கேள்விப்பட்டதை நம்பி இருந்துவிட்டாள். நம்புவது வசதியாக இருந்தது.

சுஜீதா சட்டென்று முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள்.

கிழவியின் கண் மெல்ல நகர்ந்தது. சுஜீதாவின் பட்டுச்சேலையைப் பார்த்தது. பக்கத்தில் நின்ற முதலாளியைப் பார்த்தது. திரும்பவும் சுஜீதாவின் முகத்துக்கு வந்து, அங்கிருந்த பயத்தைப் படித்தது. மலர்ந்த முகம் அணைந்தது.

"ஆளு மாறிப்போச்சுங்கம்மா. கண்ணு சரியில்ல. மன்னிச்சுக்கங்க" என்றாள்.

தூக்கி வளர்த்த பிள்ளையிடம் அவள் 'ங்க' போட்டாள்.

"நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா, கேளுங்கள்" என்றார் அதிகாரி.

சுஜீதா கேட்டாள்.

"ராசாத்தி மாதிரி பாத்துக்குறாங்க. ஒரு கொறையும் இல்லீங்க."

"யார் குளிப்பாட்டுகிறார்கள்?" என்றார் அதிகாரி.

"துணி தொவைக்க ஹபீலான்னு ஒரு துலுக்கப் புள்ள வரும்ங்க. அது வந்தா தூக்கி உக்கார வச்சு தண்ணி ஊத்தும்."

"வராவிட்டால்?"

"வரும்ங்க."

அந்த நேரம் சமையல்காரப் பெண் மத்தியானச் சோற்றுடன் வந்தாள். அதிகாரி நிற்பதைக் கண்டு தயங்கினாள். ஆனால் கை பழக்கத்தை விடவில்லை. கிழவி நல்ல கையால் தன் தகரத் தட்டை நீட்ட, அவள் அகப்பையை உயரத் தூக்கி, தட்டில் படாமல் சோற்றைப் போட்டாள். பாதி பருக்கை கட்டிலில் சிதறியது. கிழவி அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் சேர்த்தாள். சமையல்காரிக்கு வேலை அவசரம் என்று அதிகாரி நினைத்திருக்க வேண்டும். அவர் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.

"மொத்தத்தில் என்ன சொல்கிறார் டீச்சர், குறை ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டார் அதிகாரி.

சுஜீதா வாயைத் திறந்தாள். கடை, வீடு, பள்ளிக்கூடம், கோயில் முன்வரிசை, விஜேந்திரனின் முகம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அழுத்தின. 'குறையில்லை' என்று சிங்களத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிழவி சொன்னதும் அதைத்தானே. பொய் சொன்னதாகக்கூட ஆகாது.

"இவங்கள இங்க யாரும் தொடுறதில்ல" என்றாள் சிங்களத்தில். "குளியலறைக்கு விடுறதில்ல. மத்தவங்களோட உக்கார வச்சுச் சோறு போடுறதில்ல. சாதி கொறைஞ்சவங்கன்னு விறகுக் கொட்டில்ல வச்சிருக்காங்க."

முதலாளி ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு கோபமில்லாமல் தமிழில் சொன்னார். "டீச்சர், அந்தம்மா அப்புடிச் சொல்லலியே."

அதையே அதிகாரியிடம் சிங்களத்திலும் சொன்னார். அதிகாரி சுஜீதாவின் பக்கம் திரும்பினார். "அவர் அப்படிச் சொன்னாரா, இல்லையா?"

"சொல்லல. நான் சொல்றேன். இவங்க என் அப்பாவோட கூடப்பொறந்த தங்கச்சி. இவங்கள ஏன் இங்க போட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியும்."

கடைவீதிச் சிங்களம் அங்கம்மாவுக்கும் விளங்கும். தட்டிலிருந்த அவள் கை நின்றது. சமையல்காரி சுஜீதாவை மேலும் கீழும் பார்த்தாள். வேனில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த முதலாளி, இப்போது கால் தானாக நகர்ந்ததுபோல ஓரடி தள்ளி நின்றார்.

அதிகாரி சுஜீதாவின் தோளைத் தொட்டு, உண்மையான வருத்தத்தோடுதான் பேசினார். "டீச்சர், எனக்கு மனசு கஷ்டமாயிருக்கு. ஆனா இது உங்க ஆட்களுக்குள்ள உள்ள விஷயம். எங்க பக்கத்துலயும் இல்லாம இல்ல. நான் பார்க்க வந்தது கட்டில் இருக்கா, சாப்பாடு இருக்கா, மருந்து இருக்கான்னு. இவங்களுக்கும் எல்லாம் இருக்கு. தனி அறை இருந்தா அதை நாங்க கூடுதல் வசதின்னுதான் எழுதுவோம்."

அப்படித்தான் எழுதினார். சிவப்பரிசிச் சோற்றைப் புகழ்ந்தார். கூடத்தில் தேத்தண்ணீர் குடித்தார். வேன் புறப்பட்டபோது டீச்சர் வருகிறாரா என்று யாரும் கேட்கவில்லை.

சுஜீதா கொட்டில் அறையில் கட்டிலோரம் உட்கார்ந்து, அத்தையின் சடையைப் பிரிக்கப் பார்த்தாள்.

"ஏன் புள்ள இப்புடிப் பண்ணுன?" அங்கம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். "நாந்தான் ஆளு மாறிப்போச்சுன்னு சொன்னேன்ல? அத்தோட விட்டிருக்கலாம்ல? நான் இன்னும் எத்தன காலத்துக்கு? எனக்காகவா ஒன் வாழ்க்கையில நெருப்பு வப்ப?"

"ஒங்கள நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன், அத்த."

"எங்க? ஒன் புருசன் வீட்டுக்கா? போடி பைத்தியக்காரி."

திட்டிக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் இரண்டாவது தடவை கை சடைக்குப் போனபோது தட்டிவிடவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள்.

சுஜீதா பஸ்ஸில் வீட்டுக்கு வந்தபோது விஜேந்திரன் கடையிலிருந்து வந்துவிட்டிருந்தான். வேளையோடு கடையை விட்டு அவன் வந்ததே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதைச் சொன்னது. முன்னறைக் கதிரையில், செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்து வந்தாள். அவன் திட்டவில்லை.

"மொதலாளி ஒன்னும் சொல்லல" என்றான். "சிரிச்சாரு. 'ஒனக்கு முன்னாடியே தெரியுமா தம்பி'ன்னு மட்டும் கேட்டாரு. நான் நின்னேன். கடச் சாவிக் கொத்த மேசையில வச்சிட்டுப் போ, நாளைக்கு வர அவசரமில்லன்னாரு."

அவள் எதிரே சுவரில் சாய்ந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க நாக்கு எழுந்தது. எதற்கு என்று தெரியாமல் அடங்கியது.

"அந்த எடம் பாஸாயிருச்சாம்" என்றான் அவன். "குறையில்லாத இல்லம்னு அந்த நோனா எல்லார் முன்னாலயும் சொல்லிச்சாம்."

"ம்."

"இப்ப என்னா பண்ணப் போற?"

"நாளைக்கு அத்தைய கூட்டிட்டு வரணும். வேன் ஒன்னு பேசுங்க. கட்டில எங்க போடலாம்னு பாருங்க."

கடைவீதி இரைச்சல் சுவரைத் தாண்டி வந்தது. விஜேந்திரன் முன்னறையைச் சுற்றிப் பார்த்தான். கடை ஆட்களும் கோயில் ஆட்களும் வந்தால் உட்காரும் அறை அதுதான்.

"குசினிக்குப் பின்னால தகரம் எறக்குன ஒரு சாய்ப்பு இருக்குல்ல" என்று மெதுவாகச் சொன்னான். "அங்க போட்டா அவங்களுக்கும் தொந்தரவு இருக்காது."

"பின்னால போடமாட்டேன்."

"சுஜி, இந்த வீட்டையே விடச் சொல்லப் போறாங்க. நீ முன்னால பின்னாலன்னு பேசிட்டிருக்க."

"விடச் சொல்ற வரைக்கும் முன்னறையிலயே இருக்கட்டும்" என்றாள் சுஜீதா.